குளச்சல் போரை ஒரே திரையில் அடக்குவது: தனியாக வீடியோ கேம் உருவாக்கத் தொடங்குபவருக்கு

நாகர்கோவிலில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும், குலசேகரத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. 1741-இல் திருவிதாங்கூருக்கும் டச்சுக்காரருக்கும் இடையே நடந்த குளச்சல் போரை வைத்து, பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து குளச்சல் கடற்கரை வரை ஒரு வீரன் குதிரையில் சுற்றித் திரியக்கூடிய முப்பரிமாண ஓபன் வேர்ல்டு கேம் ஒன்றைத் தனியாக உருவாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கையில் 8 ஜிபி ரேம் கொண்ட, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் இருக்கிறது. சி, ஜாவா ஓரளவு தெரியும். படம் வரைய வராது. எந்த என்ஜினில் (கேம் உருவாக்க உதவும் மென்பொருளில்) தொடங்குவது, இதற்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயாக வேண்டுமா, இதில் பணம் வருமா, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கேம்பஸ் தேர்வு மூலம் கிடைத்திருக்கும் வேலையை ஏற்பதா விடுவதா என்று நான்கு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

தம்பி, நாகர்கோவிலில் இருந்தபடியே சிறிய கேம்களை உருவாக்கி விற்றுவருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் நான்கு கேள்விகளுக்கும் முன்னால் நிற்கும் ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் செய்யப்போகும் கேம் எவ்வளவு பெரியது? அந்த அளவு முடிவாகிவிட்டால் என்ஜின், கணினி, படம், பணம், வேலை ஆகிய எல்லாவற்றுக்கும் விடை ஏறக்குறையத் தானாகவே வந்துவிடும். அது முடிவாகாத வரை எந்த என்ஜின் நல்லது என்று ஆறு மாதம் விவாதித்தாலும் ஓர் அடி நகர முடியாது.

உங்கள் திட்டத்தில் உள்ள குதிரையை மட்டும் எடுத்துக்கொள்வோம். வீரன் குதிரையில் ஏறுவது, இறங்குவது, குதிரை நடப்பது, ஓடுவது, ஓடும்போது திரும்புவது, சரிவில் கால் தரையில் பதிவது, சுவரில் முட்டினால் நிற்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனி அசைவும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இணைப்பும் வேண்டும். இதற்கே ஒரு சிறு குழுவுக்குப் பல மாத வேலை இருக்கிறது. இன்னும் அரண்மனை வரவில்லை, டச்சுக்காரர் வரவில்லை, ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. தனியாளாகப் பெரிய கேமை முடித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாயக் கேமை எரிக் பரோன் ஒருவரே நாலரை ஆண்டு உழைத்து 2016-இல் வெளியிட்டார். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் ஒரு திரையரங்கில் பகுதிநேர வேலை பார்த்ததையும், வீட்டுச் செலவைப் பெருமளவு அவருடைய துணைவி சுமந்ததையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் கதையை ஊக்கப் பேச்சாக மட்டும் சொல்வது நியாயமாகாது. மேலும் அவர் தேர்ந்தெடுத்தது மேலிருந்து பார்க்கும் இருபரிமாணப் பிக்சல் உலகம். குதிரை அங்கும் உண்டு, ஆனால் அது சில சிறு சதுரப் படங்களில் முடிந்துவிடுகிறது.

ஆகவே குளச்சலை விடச் சொல்லவில்லை, குறுக்கச் சொல்கிறேன். அந்தப் போரைப் பற்றி நம் பக்கத்தில் வழங்கும் செவிவழிக் கதை ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் போதிய பீரங்கிகள் இல்லை என்பது கடலில் நின்ற டச்சுக் கப்பல்களுக்குத் தெரியாதிருக்க, மாட்டுவண்டிகளில் பனந்தடிகளை ஏற்றிக் கரையோரமாக நிறுத்தி, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவை பீரங்கி வரிசையாகத் தோன்றும்படி செய்தார்கள் என்பது அக்கதை. வரலாற்று ஆவணமாக இதற்கு எவ்வளவு வலு உண்டு என்பது வேறு விவாதம். கேம் செய்பவருக்கு இது கிடைத்தற்கரிய பொருள். ஏனென்றால் விளையாடுபவர் என்ன செய்ய வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்ற இரண்டும் இந்த ஒரு கதைக்குள்ளேயே இருக்கின்றன.

இதை ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். மேல் பாதி கடல், கீழ்ப் பாதி மணல். கடலில் ஒரு கப்பல். அதிலிருந்து ஒரு தொலைநோக்கியின் பார்வை, விளக்கு ஒளிபோல் விரிந்த முக்கோணமாகக் கரையைத் தடவிக்கொண்டு இடமும் வலமும் போய்வருகிறது. மணலில் மூன்று வண்டிகள். வண்டி கடலை நோக்கி நிற்கும்போது பனந்தடியின் வட்டமான வெட்டுமுகம் மட்டும் தெரிவதால் பீரங்கியாகத் தோன்றும்; வண்டியை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டுமானால் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், அப்போது அது வெறும் தடி என்பது வெளிப்பட்டுவிடும். பார்வை மேலே படும் நொடியில் எந்த வண்டியாவது பக்கவாட்டில் இருந்தால் தோல்வி. ஒவ்வொரு வண்டியையும் மூன்று வேறு இடங்களில் கப்பலுக்குக் காட்டி ஒன்பது பீரங்கி இருப்பதாக நம்பவைத்தால் வெற்றி. அவ்வளவுதான் கேம்.

இந்த விதிக்குள் மூன்று எண்கள் மட்டுமே இருக்கின்றன: வண்டி நகரும் வேகம், வண்டி திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம், பார்வை கரையைக் கடக்கும் வேகம். திரும்பும் நேரம் மிகக் குறைவாக இருந்தால் விளையாடுபவருக்குப் பதற்றமே வராது; மிக அதிகமாக இருந்தால் தோற்றது தன் பிழையால் என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், கேமைத் திட்டுவார். அரை விநாடிக்கும் ஒன்றரை விநாடிக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில், 'கடைசி நொடியில் தப்பினேன்' என்ற உணர்வு அடிக்கடி கிடைக்கும் ஒரு மதிப்பு இருக்கும். அந்த மதிப்பைத் தேடி எண்ணை மாற்றுவதும் ஆடிப் பார்ப்பதும் மறுபடி மாற்றுவதுமான வேலைதான் கேம் வடிவமைப்பின் பெரும்பகுதி. அறுபது பக்கத்துக்கு எழுதப்படும் வடிவமைப்பு ஆவணங்கள் அதற்கு ஈடாகா என்பது என் கருத்து. இந்த வேலைக்குப் படம் எதுவும் தேவையில்லை. கப்பல் ஒரு நீலச் சதுரம், வண்டி ஒரு பழுப்புச் செவ்வகம், பார்வை ஒரு மஞ்சள் முக்கோணம் என்ற நிலையிலேயே ஆடிப் பார்ப்பவர் 'இன்னொரு தடவை' என்று கேட்டால் மேலே போகலாம். கேட்கவில்லையென்றால் அழகான படம் வரைந்தாலும் கேட்கப்போவதில்லை.

இந்த அளவு முடிவானால் என்ஜின் கேள்வி எளிதாகிவிடுகிறது. அன்ரியல் என்ஜின் உங்கள் லேப்டாப்பில் நிம்மதியாக ஓடாது. இந்தக் கேமுக்கு அது தேவையும் இல்லை. யூனிட்டி நல்ல கருவி. சி ஷார்ப் மொழியில் எழுத வேண்டும். வேலைவாய்ப்பு என்று பார்த்தால் மொபைல் கேம் நிறுவனங்களில் அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆயினும் 2023 செப்டம்பரில் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்ற திட்டத்தை அந்த நிறுவனம் அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டதை மறப்பதற்கில்லை. உங்களுக்கு நான் சொல்வது கோடோ என்ஜின். அர்ஜென்டினாவில் இருவர் தொடங்கி 2014-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. எம்ஐடி உரிமத்தில் வருவதால் விற்பனையில் எவருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. தரவிறக்கமும் சில பத்து எம்பி அளவில் முடிந்துவிடும். புதிய திட்டம் தொடங்கும்போது ரெண்டரர் (படத்தைத் திரையில் வரையும் பகுதி) என்ற இடத்தில் 'கம்பேட்டிபிலிட்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய, எளிய கணினிகளுக்காகவே உள்ள முறை அது, பிரவுசரில் ஓடும் பதிப்பை உருவாக்கவும் அதுவே வேண்டும். மொழியாக கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடோ 4-இல் சி ஷார்ப்பில் எழுதிய திட்டத்தைப் பிரவுசருக்கு ஏற்றுமதி செய்ய வழியில்லை; முதல் கேமை முன்பின் தெரியாதவர் ஒருவர் எதையும் நிறுவாமல் உடனே ஆடிப் பார்ப்பதற்கு பிரவுசரை விடச் சிறந்த இடம் கிடையாது.

கற்றுக்கொள்வதற்கு கோடோவின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் முதல் இருபரிமாண கேமைப் படிப்படியாகச் செய்துகாட்டும் ஒரு பகுதி இருக்கிறது. அதை ஒருமுறை முழுவதும் செய்து முடியுங்கள். பிறகு வீடியோ பாடங்களை மூடிவிட்டு வண்டியையும் கப்பலையும் தொடங்குங்கள். சிக்கல் வரும்போது அந்தச் சிக்கலை மட்டும் தேடிப் படித்தால் போதும். பாடம் பார்த்துக்கொண்டே இருப்பது கற்றுக்கொள்வதுபோலவே தோன்றும். நாலைந்து மாதம் கழித்துத் தனியாக ஒரு பொத்தானை வைக்கச் சொன்னால்தான் உண்மை தெரியும். இன்னொன்று: முதல் நாளிலேயே, நிரலில் செய்யும் மாற்றங்களைத் தேதியோடு பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்தத் தொடங்கி, அன்றாடம் எழுதியதை இணையத்தில் உள்ள ஒரு தனிப்பட்ட களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஐப்பசி மழையில் இடி விழுந்து மோடமும் சேர்த்து லேப்டாப்பும் போவது குலசேகரம் பக்கத்தில் புதிதல்ல.

தமிழில் எழுத்துகள் வரும் கேம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிற மொழிக்காரர்கள் எழுதிய பாடங்களில் இதைக் காண முடியாது. 'தே' என்ற எழுத்தைக் கணினி இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கிறது: முதலில் 'த', அடுத்து இரட்டைக் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பு இடப்பக்கம் போக வேண்டும். 'தோ' என்றால் கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் பிரிய வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் நிரல் என்ஜினுக்குள் இல்லையென்றால், கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நின்று, படிப்பவருக்கு எரிச்சலூட்டும் ஒரு குப்பை வரும். கோடோ 4 ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைத் தன்னுள் கொண்டிருப்பதால் தமிழ் சரியாகவே வருகிறது. கோடோ 3-இல் வராது, ஆகவே பழைய பதிப்புக்கான பாடங்களைப் பின்பற்ற வேண்டாம். யூனிட்டியில் எழுத்துகளைக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இதைத் தானாகச் செய்வதில்லை. அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும்.

என்ஜின் சரியாக இருந்தாலும் இன்னோர் இடத்தில் சறுக்கும். உரையாடலை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சுபோல் காட்டும் வழக்கம் கேம்களில் உண்டல்லவா? ஆங்கிலத்துக்கு எழுதிய அந்த நிரலை அப்படியே தமிழுக்கு வைத்தால், முதலில் 'த' தோன்றும், அடுத்த நொடியில் அது வலப்பக்கம் நகர்ந்து அதன் இடப்பக்கத்தில் கொம்பு முளைக்கும். ஒரு வரி முழுவதும் எழுத்துகள் இப்படித் துள்ளிக்கொண்டே இருக்கும். சொல் சொல்லாகக் காட்டிவிடுவதே இதற்கு எளிய தீர்வு, படிக்கவும் அதுதான் இதமாக இருக்கிறது. பொத்தான்களின் அகலத்தைத் தமிழ்ச் சொல்லை வைத்தே தீர்மானியுங்கள். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடிவது தமிழில் பொத்தானுக்கு வெளியே வழிந்துவிடும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற, திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளதை எடுங்கள். டிடிபி சென்டரில் பென்டிரைவில் கிடைக்கும் எழுத்துருக்களை விற்பனைக்கு வரும் கேமில் வைக்கக் கூடாது.

தமிழில் கேம் செய்தால் யார் வாங்குவார்கள் என்ற தயக்கம் உங்கள் கேள்வியின் ஓரத்தில் தெரிகிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கொடுங்கள்; ஒரு திரைக் கேமில் மொழிபெயர்க்க அதிகம் இருக்காது. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதையை, அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லியும் புட்டும் செய்யும் புதிர்களாகச் சொல்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அந்தக் கேம் 2024-இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் தலைமைப் பரிசையும் பெற்றது. தமிழ் வீட்டுச் சமையலறையை உலகம் விளங்கிக்கொண்டது என்றால் பனந்தடியையும் விளங்கிக்கொள்ளும். அதன் நீளத்தையும் கவனியுங்கள். என் வாதத்துக்கு அதுதான் முக்கியம்.

படம் வரைய வராது என்பது நீங்கள் நினைப்பதுபோல் பெரிய தடையல்ல, அதுவும் அளவைப் பொறுத்ததே. அந்திச் செம்மை வானத்தின் முன்னால் கருநிழல் உருவங்களாகவே வண்டி, மாடு, பனை, கப்பல் எல்லாவற்றையும் காட்டிவிடலாம். மூன்று நான்கு நிறங்களுக்கு மேல் தேவைப்படாது. குளச்சலில் கடல் மேற்கே இருப்பதால் அந்தி வெளிச்சம் பொருத்தமாகவும் இருக்கும். வரைய கிரிட்டா, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், ஒலியைச் சீராக்க ஆடாசிட்டி ஆகிய மூன்றும் இலவசம். பிறர் செய்ததைப் பயன்படுத்த விரும்பினால் கென்னி என்ற தளத்தின் படங்கள் சிசி ஜீரோ உரிமத்தில் கிடைக்கின்றன; எதற்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா இலவசப் படங்களும் அப்படியல்ல. சில பெயர் குறிப்பிடச் சொல்லும், சில விற்பனைக்குக் கூடாது என்று சொல்லும். எதை, எங்கிருந்து, எந்த உரிமத்தில் எடுத்தீர்கள் என்று ஒரு கோப்பில் அன்றன்றே எழுதி வையுங்கள். வெளியிடும் வாரத்தில் உட்கார்ந்து நினைவுகூர்வது நடக்காத காரியம். ஏஐ கொண்டு உருவாக்கிய படங்களைச் சேர்த்தால் ஸ்டீம் என்ற கணினி கேம் விற்பனைத் தளத்தில் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி முதல் இருக்கிறது. அரண்மனையின் புகைப்படங்களைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது என்பதை நினைவில் வையுங்கள். வணிக நோக்கத்துக்கு அங்கேதான் கேட்க வேண்டும்.

ஒலிக்கு நம் கடற்கரையைப் பயன்படுத்துங்கள். முட்டத்திலோ குளச்சலிலோ விடியற்காலையில் போனால் வண்டி இரைச்சல் இல்லாத அலையோசை கிடைக்கும். வெறும் போனில் பதிந்தால் காற்று மைக்கில் மோதி 'புஸ் புஸ்' என்ற சத்தமே அலையை விட உரக்கக் கேட்கும். மைக் இருக்கும் முனையில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒன்றைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று பதிந்தால் பெருமளவு குறைந்துவிடும். ஐந்து நிமிடப் பதிவில் நல்ல முப்பது விநாடியை வெட்டி, முடிவும் தொடக்கமும் ஒன்றோடொன்று கரையும்படி இணைத்தால் கேம் முழுவதும் ஓடும் கடல் தயார்.

சதுரங்களும் முக்கோணமும் ஓடத் தொடங்கியதும் பிறர் கையில் கொடுங்கள்; படங்கள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். கொடுக்கும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: நீங்கள் வாய் திறக்கக் கூடாது. தோவாளை மலர்ச் சந்தையை வைத்து நான் செய்த ஒரு சிறு கேமை அங்கே பூக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொடுத்தபோது, அவர் பூக்கூடைகளை எட்டியும் பார்க்கவில்லை; திரையின் மூலையில் அலங்காரத்துக்காக வரைந்திருந்த தராசைத்தான் திரும்பத் திரும்பத் தொட்டார். அதன் பிறகு அந்தக் கேமில் எல்லாம் தராசிலிருந்தே தொடங்குகின்றன. பக்கத்தில் இருந்து 'கூடையைத் தொடுங்க அண்ணாச்சி' என்று சொல்லியிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. கல்லூரி விடுதி நண்பர்கள் உங்களைப் பாராட்டத்தான் செய்வார்கள், அவர்களிடமும் கொடுங்கள். ஆனால் கேம் விளையாடும் பழக்கமில்லாத சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோ கை தடுமாறும் இடங்களைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊர் மாறுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. இந்த அளவுக் கேமுக்கு வேண்டியவை கணினி, மின்சாரம், இணையம் ஆகிய மூன்றே. மூன்றும் குலசேகரத்தில் இருக்கின்றன. சக மனிதர்களைச் சந்திக்க விரும்பினால் கேம் ஜாம்களில் கலந்துகொள்ளுங்கள். 2002 முதல் நடக்கும் லூடும் டேரிலும், 2009-இல் தொடங்கி ஆண்டுதோறும் ஜனவரியில் உலகெங்கும் நடக்கும் குளோபல் கேம் ஜாமிலும், கொடுக்கப்படும் ஒரு கருவை வைத்து இரண்டு மூன்று நாட்களில் ஒரு கேமை முடிக்க வேண்டும். அளவைக் குறுக்குவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. சனிக்கிழமை மதியம் ஆனதும் குதிரையைக் கைவிட மனம் தானாகவே சம்மதித்துவிடும்.

வெளியிடுவதற்கு முதலில் இட்ச் டாட் ஐஓ என்ற தளம். கட்டணம் இல்லை, தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே தீர்மானிக்கலாம், பிரவுசரிலேயே ஆடவைக்கலாம். அங்கே முன்பின் தெரியாதவர்கள் ஆடி, குறை சொல்லி, சிலராவது முடித்த பிறகு, அதையே பத்துப் பன்னிரண்டு கட்டங்களும் ஒரு முடிவும் கொண்டதாக விரித்து ஸ்டீமுக்குக் கொண்டுபோகலாம். ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலர் கட்ட வேண்டும், ஏறத்தாழ 9,000 ரூபாய். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். கட்டணம் செலுத்தியதிலிருந்து 30 நாள் கழித்தே முதல் கேமை வெளியிட முடியும். 'விரைவில்' என்ற அறிவிப்புப் பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். இரண்டு வாரம் என்பது விதி. நீங்கள் மாதக்கணக்கில் வைத்திருங்கள், ஏனென்றால் வெளியாகும் நாளில் அந்தப் பக்கத்தில் கேமை விஷ்லிஸ்ட்டில், அதாவது வாங்க விரும்புபவற்றின் பட்டியலில், சேர்த்தவர்களுக்குத்தான் மின்னஞ்சல் போகும். ஆண்ட்ராய்டில் வெளியிட 25 டாலர் ஒருமுறைக் கட்டணம். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு, 12 பேர் 14 நாட்கள் தொடர்ந்து சோதனைப் பதிப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. விடுதி நண்பர்களின் உண்மையான பயன் இங்கேதான்.

பணம் வருமா என்றால், ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் 200 ரூபாய்க்கு விலை வைத்து 1,000 பிரதிகள் விற்றதாக வைத்துக்கொள்வோம். ஸ்டீம் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருப்பதால் அது போக 1,69,500 ரூபாய். அதில் ஸ்டீமின் பங்கு 30 சதவீதம் போனால் 1,18,650 ரூபாய். இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியவர்கள் 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற விதியின்படி சிலர் கேட்டிருப்பார்கள், அதையும் கழியுங்கள். பெயரறியாத ஒருவரின் முதல் கேம் ஆயிரம் பிரதிகள் விற்பது எளிதும் அல்ல. ஆறு மாத மாலை நேர உழைப்புக்கு இது கிடைத்தால் நல்ல வருமானம். நாலு ஆண்டு முழுநேர உழைப்புக்கு இதுவே கிடைத்தால் குடும்பம் தாங்காது. அளவு பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

வெளிநாட்டுப் பணம் வருவதற்கான தாள்களை முன்கூட்டியே சரிசெய்யுங்கள். ஸ்டீமில் பதியும்போது உங்கள் பெயர், வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு வங்கியில் இனிஷியலும் பான் அட்டையில் அப்பாவின் முழுப் பெயரும் இருக்கும். இதை வங்கிக்குப் போய்த் திருத்திவரச் சில வாரங்கள் பிடிக்கும். வங்கிக் கிளைக்கு ஸ்விஃப்ட் குறியீடு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால், அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கான பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறையும். ஜிஎஸ்டி பதிவு உங்களுக்குத் தேவையா என்பதை நாகர்கோவிலில் ஏற்றுமதிக் கணக்கு பார்த்துப் பழகிய ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுவது நல்லது. இடையில் யாராவது ரம்மி போன்ற பணம் கட்டி ஆடும் கேம் ஒன்றைச் செய்துதரும்படி நல்ல தொகை சொல்லி வந்தால் ஒதுங்கிவிடுங்கள்; 2025-ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் கேம்களைத் தடைசெய்திருக்கிறது.

கடைசியாக, டெக்னோபார்க் வேலை. ஏற்றுக்கொள்ளுங்கள். சம்பளம் வரும்போது கேமுக்கு நீங்கள் எடுக்கும் முடிவுகள் நிதானமாக இருக்கும். அவசரத்தில் விளம்பரங்களை அடைக்கவோ பாதி வெந்ததை வெளியிடவோ தோன்றாது. பலாட்ரோ என்ற சீட்டாட்டக் கேம் போன்று தனியொருவர் செய்து 2024-இல் பெருவெற்றி பெற்றவற்றைக் காட்டி வேலையை விடச் சொல்பவர்கள் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டப்போவதில்லை. திருவனந்தபுரத்தில் அறை எடுத்துத் தங்கினால் இரவில் ஒன்றரை மணி நேரமும், ஊருக்கு வராத ஞாயிறுகளும் கிடைக்கும். வண்டி-கப்பல் அளவுக் கேமுக்கு அது போதும்.

ஆனால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அறிவுசார் சொத்து என்ற தலைப்பின் கீழ் உள்ள பத்தியை வரிவரியாகப் படியுங்கள். பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றோ, வேறு எந்த வருமானமுள்ள வேலையும் செய்யக் கூடாது என்றோ பல ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால், சொந்த நேரத்தில், சொந்த லேப்டாப்பில், நிறுவனத்தின் தொழிலோடு தொடர்பில்லாத ஒரு கேமைச் செய்து விற்க எண்ணியிருப்பதை மனிதவளப் பிரிவுக்கு எழுதி, அனுமதியை எழுத்திலேயே கேளுங்கள். 'அதெல்லாம் பிரச்சினை இல்லை' என்று கேன்டீனில் சொல்லும் வாய்ச்சொல் பின்னால் செல்லாது. இப்போதே தொடங்கிய திட்டமானால் கிட் களஞ்சியத்தில் பதிவாகும் தேதிகள் பணியில் சேர்வதற்கு முந்தையவையாக இருக்கும். அந்தத் திட்டத்தின் பெயரையும் அனுமதிக் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். அலுவலக மின்னஞ்சலுக்கு வரும் அந்தப் பதிலின் நகல் ஒன்று உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் இருக்கட்டும். வேலையை விடும் நாளில் அலுவலகக் கணக்கு மூடப்பட்டுவிடும்.